தவராஜா வேண்டாமென்ற ஊசி

உங்கள் படிவத்தின் முதலாவது கேள்வி, அன்று அறையில் யார் யார் இருந்தார்கள் என்பது. நல்ல கேள்வி. யார் எந்தக் கதிரையில் இருந்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. அதையும் சேர்த்து எழுதுவது என் பழக்கம். ஒழுங்காக எழுதுகிறவனை ஆட்கள் அதிகம் சந்தேகிப்பதில்லை.

2025 மார்ச் 13, வியாழக்கிழமை, காலை பத்து இருபது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி, ஈரல் பிரிவில் ஒரு சிறிய அறை. கதவுக்கு நேரே, பரிசோதனைக் கட்டிலில் கால்களைத் தொங்கவிட்டபடி தவராஜா. வயது அறுபத்தாறு, என் தங்கையின் கணவர். அவருக்கு இடப்பக்கம், யன்னலோரக் கதிரையில் என் தங்கை ராசமலர், மடியில் அவருடைய குளிர்ச்சட்டையும் தொப்பியும். கணினிக்கு முன்னால் சுழல் கதிரையில் டொக்டர் எமிலியா. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். கைகழுவும் தொட்டியடியில் தாதி ஜோனாஸ் நின்றார். நல்ல உயரமான மனிதர், தானும் இருந்தால் அறை கொள்ளாது என்று நின்றிருக்க வேண்டும். டொக்டருக்கும் தவராஜாவுக்கும் சரிபாதித் தூரத்தில் நான். என் கதிரையை அந்த இடத்துக்கு நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பவன் நடுவில் இருப்பதுதான் முறை.

அடுத்த கேள்வி, நான் யார், எனக்கு டேனிஷ் எவ்வளவு தெரியும் என்பது.

பெயர் அந்தோனிதாசன், வயது அறுபத்து மூன்று. மன்னாரில் முருங்கன் என்ற சின்னப் பட்டினத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அங்கே எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான், கடிதம். விண்ணப்பம், முறைப்பாடு, நன்றி, எதுவானாலும் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட வேண்டும். மற்றப் பாடங்களில் நான் எடுத்த புள்ளிகளை இங்கே எழுதத் தேவையில்லை. எண்பத்தாறில் டென்மார்க்குக்கு வந்தேன். இக்காஸ்ட்டில் துணி ஆலை மூடும்வரை ஆலையில், பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். டேனிஷை நான் பேசிப் பழகவில்லை, எழுதிப் பழகினேன். அதனால் கடையில் பாண் வாங்கும்போதுகூட நான் அமைச்சுக்கு விண்ணப்பிக்கிற மாதிரிப் பேசுவதாக என் தங்கையின் மகள் அஜந்தினி சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பது வருடத்தில் எங்கள் ஆட்களுக்காக அன்றுவரை நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதியிருந்தேன். கொம்யூன் என்கிற நகரசபைக்கு, வரிக் கந்தோருக்கு, பள்ளிக்கூடங்களுக்கு. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று ஒருவருக்காக எழுதியது இலக்கம் 188. அந்த நாய் வேறு ஊருக்கு இடம்மாறிப் போனது. வந்து கேட்கிறவர்கள் சொல்வதை நான் அப்படியே எழுதுவதில்லை. அவர்கள் கோபத்தில் சொல்வார்கள், முன்னுக்குப் பின் சொல்வார்கள், திகதியைப் பிழையாகச் சொல்வார்கள். நான் திருத்தி எழுதி வாசித்துக் காட்டுவேன். "ஓம் அண்ணை, இதைத்தான் நான் சொன்னனான்" என்பார்கள். நாற்பது வருடம் இதைக் கேட்ட மனிதனுக்கு, மற்றவர்கள் சொல்ல நினைப்பது தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று தோன்றுவது இயற்கை.

தவராஜாவுக்கு ஈரல் இறுகிப்போகிற வருத்தம். சீனி வருத்தத்தாலும் ஈரலில் படிந்த கொழுப்பாலும் வந்தது. டென்மார்க்கில் நாற்பது வருடம் இருந்து ஒரு பியர் குடிக்காத ஒரே தமிழன் அவர்தான் என்று நான் பகிடி பண்ணுவதுண்டு. அந்த மனிதனுக்குக் குடிகாரனின் வருத்தம். வயிறு நீர் கட்டி முன்னுக்குத் தள்ளிய நாளிலிருந்து அவர் பூசைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். தேவாலயத்தின் பின்வரிசை வாங்கில் இருப்பவர்கள் என்ன கதைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் இன்னொருவருக்கு ஈரல் வருத்தம் வந்தபோது பின்வாங்கில் இருந்து கதைத்தது அவர்தான்.

இந்த வெட்கத்தால்தான் ஆஸ்பத்திரி தருகிற மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்றார். எங்கள் பக்கத்தில் திரையில் தோன்றி மொழிபெயர்ப்பவர் விக்ரோரியா. நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. "அவள் வாய் திறக்க மாட்டாள் மச்சான்," என்றார் தவராஜா. "ஆனா அடுத்த ஞாயிறு பூசையிலை புருசன்காரன்ரை முகத்தைப் பாத்தா அவனுக்கும் தெரியுமெண்டு எனக்கு விளங்கிப்போடும்." மகள் அஜந்தினி எஸ்பியர்க்கில் ஒரு கப்பல் கொம்பனியின் கந்தோரில் வேலை செய்கிறாள். டேனிஷ் அவளுக்குத் தாய்மொழி மாதிரி. ஆனால் பெண் பிள்ளைக்கு முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே நான். பதினொரு தடவை நான் கூடப் போனேன். அந்தப் பதினொரு தடவையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். குறிப்புப் புத்தகம் சாட்சி.

இது பன்னிரண்டாவது தடவை.

மூன்றாவது கேள்விக்கு, டொக்டர் எமிலியா சொன்னதை அன்றைய குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன். காலையில் எடுத்த இரத்தத்தில் சிறுநீரக அளவு ஏறியிருக்கிறது. ஆள் வழமையைவிட மந்தமாக இருக்கிறார். வயிற்று நீரில் கிருமி பிடித்திருக்கலாம். இந்த வருத்தக்காரருக்கு அது காய்ச்சல் இல்லாமலும் வரும், நோவு இல்லாமலும் வரும். வெளியிலிருந்து தடவிப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை எண்ண வேண்டும். ஒரு கனமில்லிமீற்றரில் அந்த வகை அணுக்கள் இருநூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் கிருமி என்றே எடுத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை பின்னேரத்துக்குள் வந்துவிடும். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கப் போத்தலிலும் கொஞ்சம் விடுவார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் செல்லும், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். எண்ணிக்கை கூடினால் உடனே நரம்பில் மருந்து. ஐந்து நாளாவது ஆஸ்பத்திரி வாட்டில் படுக்க வேண்டியிருக்கும். பிந்தினால் ஒவ்வொரு மணித்தியாலமும் ஆபத்து.

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் பாருங்கள். கடதாசியில் ஒரு வயிறு கீறி, உள்ளே புள்ளிகளும் போட்டுக் காட்டினார்.

நான் ஐந்து நாளை எண்ணினேன். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

சனிக்கிழமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருக்காது. அன்று இக்காஸ்ட்டில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா. நாற்பது வருடக் கடிதப் பணிக்காக எனக்குப் பொன்னாடை போர்த்துவதாக முடிவாகியிருந்தது. முடிவானது எப்படி என்றால், மன்றத் தலைவர் டானியலுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பிறகு. பொன்னாடை என்றால் முதலில் ஒருவர் எழுந்து வாழ்த்துரை சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று டானியல் கேட்டார். நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள், எத்தனை பேர் முன்வருவார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தடுமாற்றமாகவே இருந்தது. ஒழுங்காகப் பட்டியல் போட்டு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தேன். "விழாவுக்குக் கட்டாயம் வாறம் அண்ணை. மேடையிலை ஏறுறதெண்டால்தான்..." தன் கடிதத்தை இன்னொருவன் எழுதினான் என்று மேடையில் சொல்ல எவருக்கும் விருப்பமில்லை. நாய்க்காரர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

தவராஜாதான் சொன்னார். "நீ எழுதித் தா மச்சான், நான் வாசிக்கிறன்."

எழுதினேன். மூன்று பக்கம், இடது ஓரம் இரண்டு விரல். தவராஜாவின் குரலில், என்னைப் பற்றி. "தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசத் தெரியாத இந்த எளிய மனிதரை" என்று இரண்டாம் பந்தி தொடங்கும். அந்த வரியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. என் மனைவி இறந்தபோதுகூட நான் அவ்வளவு பொருத்தமான வசனம் எழுதவில்லை.

இப்போது நான்காவது கேள்வி, நான் என்ன மொழிபெயர்த்தேன் என்பது.

முதலில் டொக்டர், ஆள் தெளிவாக இருக்கிறாரா என்று பார்க்கச் சில கேள்விகள் கேட்டார். இந்த வருத்தம் மூளையையும் மந்தமாக்கும், கிருமி பிடித்தால் இன்னும் கூட. இன்று என்ன கிழமை என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"செவ்வாய்," என்றார் தவராஜா.

"இஞ்சேரப்பா, இண்டைக்கு வியாழனெல்லே," என்றாள் ராசமலர்.

நான் டொக்டரிடம் வியாழன் என்றேன். டேனிஷ் அதிகம் தெரியாவிட்டாலும் கிழமைகளின் பெயர் ராசமலருக்குத் தெரியும். இத்தனை வருடம் மீன் ஆலையில் வேலை முறைப் பட்டியல் பார்த்தவள். நான் மாற்றிச் சொன்னது அவளுக்கு விளங்கியது. அவள் என்னை நன்றியோடு பார்த்தாள். ஒரு இளம் பெண்ணுக்கு முன்னால் தன் புருசன் மரியாதை கெடாமல் அண்ணன் காப்பாற்றிவிட்டான் என்ற பார்வை அது. எங்கள் ஆட்களுக்காக மொழிபெயர்க்கிறவன் எவனும் இப்படி ஒன்றிரண்டைத் திருத்தியிருப்பான். வீட்டு மானத்தை ஆஸ்பத்திரியில் அவிழ்த்து வைப்பதில்லை.

பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தவராஜா தொண்ணூற்று மூன்று என்றார், எண்பத்தாறு என்றார், கன நேரம் யன்னலைப் பார்த்துவிட்டு எண்பது என்றார். அதற்குப் பிறகு, "உது என்ன கோதாரிக்கு மச்சான்? நானென்ன ஐஞ்சாம் வகுப்போ?" என்றார். நான் எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று டேனிஷில் சொன்னேன். டொக்டர் பிரமாதம் என்றார். என் வாழ்க்கையில் கணிதப் பரீட்சை ஒன்றில் நான் சித்தியடைந்தது அன்றுதான். பெயர் மட்டும் தவராஜாவின் பெயர்.

அதன் பிறகு ஊசி. நான் தவராஜாவிடம் தமிழில் சொன்னது இது. "வயித்துத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துப் பாக்கவாம். அவசரமில்லையாம். திங்கக்கிழமை செய்தாலும் காணுமாம்."

"அப்ப திங்கக்கிழமை செய்யட்டும். சனிக்கிழமை உன்ரை அலுவல் எல்லே கிடக்கு," என்றார் தவராஜா. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார். அதற்கு மட்டும் அன்று அவருக்குத் தெளிவு இருந்தது.

நான் டொக்டரிடம் டேனிஷில் சொன்னது இது. நோயாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆபத்தும் விளங்கிவிட்டது. ஆனால் இன்று ஊசி வேண்டாம் என்கிறார், குடும்பக் காரணம், திங்கட்கிழமை வரச் சம்மதம்.

டொக்டர் எமிலியா திங்கட்கிழமை கூடாது என்றார். இரண்டு தடவை சொன்னார். ராசமலருக்குத் திங்கட்கிழமை என்ற டேனிஷ் சொல் விளங்கியது, டொக்டரின் வாயிலிருந்தே வந்தது. மற்றதெல்லாம் அவளுக்கு வேகமாகப் போய்விட்டது. பிறகு டொக்டர் கதிரையை நேரே தவராஜாவின் பக்கம் திருப்பி, அவருடைய முழங்காலில் கைவைத்து, குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாக, இது ஆபத்து, இன்றைக்கே செய்ய வேண்டும், சரியா என்று கேட்டார். தவராஜா சிரித்துக்கொண்டு, "யா, யா, தக்," என்றார். ஓம், ஓம், நன்றி. வந்த நாளிலிருந்து எந்த டென்மார்க்காரர் எதைச் சொன்னாலும் அவர் சொல்லும் பதில் அதுதான்.

"என்னவாம் இந்தப் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

"உடம்பைக் கவனமாப் பாத்துக்கொள்ளட்டாம்," என்றேன்.

டொக்டர் என்னைப் பார்த்தார். இப்போது சம்மதம் சொன்னாரா என்று கேட்டார். நன்றி சொல்கிறார், ஆனால் முடிவில் மாற்றமில்லை என்றேன்.

ஜோனாஸ்தான் தொட்டியடியிலிருந்து, திரையில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டால் என்ன என்றார். நல்ல யோசனை, சரியான யோசனை. அதைத் தவராஜாவுக்குச் சொன்னேன். "விக்ரோரியாவையோ? வேண்டவே வேண்டாம், நான் எழும்பிப் போறன்," என்று அவர் உண்மையிலேயே கட்டிலை விட்டு இறங்கினார். அதை அப்படியே டேனிஷில் சொன்னேன். அந்தக் காலையில் நான் சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தது அந்த ஒரு வசனம்தான். அதை ஜோனாஸ் நன்றாக நம்பினார், கோபம் தவராஜாவின் முகத்தில் தெரிந்ததால்.

டொக்டர் எமிலியா கணினியில் கன நேரம் எழுதினார். திங்கள் காலை எட்டரை என்று பதிந்தார். தன் பிரிவின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி, நடுக்கம், வாந்தி, குழப்பம், எது வந்தாலும் எந்த நேரமும் எடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ராசமலர் என்ன துண்டு என்று கேட்டாள். திங்கட்கிழமை நேரம் என்றேன்.

வெள்ளிக்கிழமை ராசமலருக்குத் தொலைபேசி எடுத்தேன். "மனுசன் ஒரே நித்திரை அண்ணை. சாப்பாடும் வேண்டாமாம்," என்றாள். நித்திரை கொள்ளட்டும், நாளைக்கு மேடையில் இருக்க வேண்டுமே என்றேன். என்னுடைய கவலை அவருக்குக் குரல் அடைக்குமோ என்பதுதான். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தவராஜாவைக் கதிரையில் இருத்தி, நானும் டானியலும் கதிரையோடு மேடைக்குத் தூக்கினோம். வாசிக்கத் தொடங்கினார். குரல் மெல்லியதாக இருந்தாலும் முதலாம் பக்கம் நன்றாகவே போனது. எளிய மனிதர் என்ற இடத்தில் கைதட்டினார்கள். முதலாம் பக்கம் முடிந்ததும் அவர் அதை மேலே வைத்துவிட்டு, மறுபடியும் முதலாம் பக்கத்தையே வாசித்தார். அதே சொற்கள், அதே நிறுத்தம். மண்டபத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த அஜந்தினி எழும்பப் பார்த்தாள். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன்.

அந்த நேரம் என் மனதில் என்ன ஓடியது என்று நீங்கள் கேட்டால் மறைக்க மாட்டேன். முதலாம் பக்கத்தில்தான் என்னுடைய நல்ல புள்ளிகள் இருந்தன. இரண்டு தடவை வாசித்ததில் நட்டமில்லை என்று நினைத்தேன். சபை இரண்டாம் தடவையும் கைதட்டியது. நான் குனிய, தவராஜா பொன்னாடை போர்த்தும்போது அவருடைய விரல்கள் என் கழுத்தில் பட்டன, நல்ல சூடு. பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு விடிய ராசமலர் தொலைபேசி எடுத்தாள். நடுங்குகிறார், கூப்பிட்டால் பார்க்கிறார், பேச்சு வரவில்லை. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் வந்தவுடன் ஊசியால் வயிற்று நீரை எடுத்தார்கள். அந்த நீரை நான் கண்டேன், கஞ்சித் தண்ணி மாதிரிக் கலங்கியிருந்தது. எண்ணிக்கை ஆறாயிரத்துச் சொச்சம். இருநூற்றைம்பது என்ற எல்லையை என் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தேன், அதனால் ஆறாயிரம் என்றால் என்ன என்று யாரும் எனக்கு விளக்கத் தேவைப்படவில்லை. மருந்து ஏற்றினார்கள். திங்கள் எட்டரைக்கு அவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், சொன்னபடி. சிறுநீரகம் நின்றது. புதன் பின்னேரம் தவராஜா காலமானார்.

டொக்டர் எமிலியா வந்து கதவடியில் நின்றார். அன்று அவருக்கு உண்மையிலேயே விளங்கியதா என்று என்னிடம் கேட்டார். விளங்கியது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். நன்றாக வந்தது.

மே மாதம் அஜந்தினி எஸ்பியர்க்கிலிருந்து வந்து, தாயின் குசினி மேசையில் கணினியைத் திறந்து, தகப்பனின் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வாசித்தாள்.

"மாமா, இதிலை அப்பா ஊசி வேண்டாமெண்டவர் எண்டு எழுதிக் கிடக்கு. ஆபத்தைச் சொன்னதாம், நீங்கள் மொழிபெயர்த்ததாம், விளங்கியும் மறுத்தவராம்."

"ஆர் மறுத்தது?" என்றாள் ராசமலர். "நான் பக்கத்திலையெல்லே இருந்தனான். அந்தப் பிள்ளைதான் திங்கக்கிழமை செய்தாக் காணுமெண்டது. என்ரை காதாலை கேட்டனான். அண்ணை, நீங்கள்தானே சொன்னியள்?"

"அப்ப அவ பொய் எழுதியிருக்கிறா," என்றாள் அஜந்தினி. பிறகு டேனிஷில் ஏதோ சொன்னாள், நல்ல சொல் இல்லை. "மாமா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. என்ன சொன்னவ?"

நான் வடிவாக யோசித்தேன். தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன். "திங்கள் எண்ட சொல்லு அவவின்ரை வாயிலையிருந்து வந்தது," என்றேன். உண்மைதானே.

"அப்ப எழுதுங்கோ மாமா. உங்களை மாதிரி எழுத எனக்கு ஏலாது."

பகிடி பண்ணிய பிள்ளை இப்படிச் சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பேன். இலக்கம் 413, டொக்டர் எமிலியாவுக்கு எதிரான முறைப்பாடு, உங்கள் மேசையில் இருக்கிறது. அதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். கோபமில்லாமல், திகதி தவறாமல், ஒரு இடத்திலும் குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறேன். நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். ராசமலர் அதை நான் தமிழில் வாசிக்கக் கேட்டு, "ஓம் அண்ணை, இதைத்தான் நான் சொல்ல நினைச்சது," என்று அழுதாள்.

போன மாதம் சில்க்போர்க்கில் ஒரு கடையில் ஜோனாஸைக் கண்டேன். டொக்டர் எமிலியா சுகவீன விடுப்பில் இருக்கிறார், திரும்பி வருவாரோ தெரியாது என்றார். தான் என்ன பிழை விட்டேன் என்று அந்த வியாழக்கிழமையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்கிறாராம். ஜோனாஸ் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. உங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று தோளில் தட்டினார். அன்று பின்னேரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் இறங்கியது.

பிறகு முறைப்பாட்டை விசாரிக்கிற உங்கள் படிவம் வந்தது. எல்லாம் கணினியில் வந்து போகிற நாட்டில் எனக்கு மட்டும் இன்னும் கடதாசியில் வருகிறது. விலக்குக் கேட்டு நான் எழுதியது இலக்கம் 301. படிவத்தின் கடைசிக் கேள்வி, வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்பது. விரும்புகிறேன்.

திங்கட்கிழமை செய்தால் காணும் என்று டொக்டர் எமிலியா சொல்லவில்லை. ஊசி வேண்டாம் என்று தவராஜா சொல்லவில்லை. இரண்டையும் சொன்னவன் நான். இவருக்குத் தமிழிலும் அவருக்கு டேனிஷிலும், நடுவில் இருந்துகொண்டு, தெரிந்துகொண்டு சொன்னேன். கிருமி இருக்கலாம் என்று தெரியும். பிந்தினால் சாவு என்று தெரியும். மூன்று பக்கத்தை வாசிக்க வேறு ஆள் இல்லை என்பதும் தெரியும். தவராஜாவின் சாவுக்கு நானே காரணம்.

எழுதி முடித்ததும் மனம் லேசாக இருக்கிறது. இத்தனை மாதம் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. நான் கோழை இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

வேற்று மொழியில் எழுதும் வாக்குமூலத்தோடு டேனிஷ் மொழிபெயர்ப்பை இணைக்கலாம் என்று படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. இன்னொருவரைத் தேட வேண்டிய சிரமத்தை உங்களுக்குத் தராமல் அதையும் நானே செய்துவிட்டேன். தமிழில் ஏழு பக்கம், டேனிஷில் ஒன்பது வரி. டேனிஷ் சிக்கனமான மொழி. அறையில் ஐந்து பேர் இருந்ததும், யார் எங்கே இருந்தார்கள் என்பதும் அதில் சரியாக இருக்கின்றன. திங்கட்கிழமை பற்றி டொக்டர் பேசினார் என்பதும், நான் என் அறிவுக்கு எட்டியவரை மொழிபெயர்த்தேன் என்பதும் இருக்கின்றன. அந்த ஒன்பது வரியில் ஒரு பொய்கூட இல்லை. மற்றதெல்லாம் இங்கே தமிழில் கிடக்கிறது, விரும்புகிறவர்கள் வாசிக்கலாம். புருசனை இழந்த ஒருத்தியை இரண்டாம் தடவை அழவைப்பதில் யாருக்கு என்ன லாபம்.

டேனிஷ் தாளின் அடியில், சரியான மொழிபெயர்ப்பு என உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதிக் கையொப்பம் இட்டு, மேலாக வைத்திருக்கிறேன். ராசமலர் தபால் எடுக்கிற சந்திக் கடைக்குப் போகக் காலணி போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம், அவருக்காகச் செய்கிற கடைசி அலுவலாம்.

"எல்லாம் எழுதிப்போட்டியளோ அண்ணை?" என்று கேட்கிறாள்.

"ஓம் தங்கச்சி, ஒண்டும் விடேல்லை," என்று சொல்லிக்கொண்டு உறையை ஒட்டுகிறேன்.